குளிரில் உறங்கும் பீர்: வடபிரான்சில் ஒரு செப்டம்பர்

செப்டம்பர் 9, செவ்வாய்: லீல்

காலையிலிருந்து தூறல். குடையை விரிக்கத் தோன்றாது. விரிக்காமல் நடந்தால் அரை மணியில் தோள் நனைந்துவிடும். பெல்ஜிய எல்லையை ஒட்டிய இந்த மண்ணில் திராட்சைக்கு வெயில் போதாது. வயல்களில் பார்லி, சர்க்கரை பீட், சிக்கரி, உருளைக்கிழங்கு, அங்கங்கே பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி. பிரான்ஸ் முழுக்க ஒயின்தான் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கே சாப்பாட்டு மேசையில் பீரைத்தான் பார்ப்பார்கள்.

பழைய லீலின் சந்துகளில் 'எஸ்தமினே' என்ற சிறு கடைகள் உண்டு. மர மேசை, பழைய தகர விளம்பரப் பலகைகள், கூரையிலிருந்து தொங்கும் உலர்ந்த ஹாப்ஸ் கொடி. பீரும் சாப்பாடும் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் திங்களும் செவ்வாயும் பல கடைகளுக்கு விடுமுறை. மழையில் பூட்டிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. இந்தப் பகுதிக்கு வருகிறவர்கள் வியாழன் முதல் ஞாயிறு வரை அமையுமாறு திட்டமிடுவது நல்லது.

உள்ளே நுழைந்ததும் 'போன்ஷூர்' சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் ஆர்டர் கொடுத்தால் பரிமாறுகிறவர் முகம் இறுகிவிடும். சொன்னால் பக்கத்து மேசைக்காரரும் தலையசைப்பார். தண்ணீரும் ரொட்டியும் கேட்டால் காசில்லாமல் வரும். குழாய்ப் பீர் கால் லிட்டர் 4 யூரோவை ஒட்டி. அதற்கு 'தெமி' என்று பெயர். அரை லிட்டர் வேண்டுமென்றால் 'பேன்த்' என்று கேட்க வேண்டும்.

இந்தப் பயணம் 'பியேர் த கார்த்' என்ற வகைக்காக. 'கார்த்' என்றால் வைத்துக் காத்தல். காய்ச்சி முடித்தபின் குளிரில் வாரக்கணக்கில் வைத்திருந்து வெளியே விடும் பீர். பண்ணை வீடுகளில் அக்டோபர் முதல் மார்ச் வரை காய்ச்சினார்கள். கோடையில் காய்ச்சினால் காற்றிலுள்ள பாக்டீரியா முந்திக்கொண்டு புளிக்க வைத்துவிடும். நுண்ணுயிர் அறிஞர் லூயி பாஸ்தர் 1854 முதல் 1857 வரை இதே லீல் பல்கலைக்கழகத்தில் அறிவியல் துறைத் தலைவராக இருந்தபோதுதான் நொதித்தலை ஆராயத் தொடங்கினார். காரணம் தெரிவதற்கு வெகு முன்பே பண்ணைக்காரர்கள் குளிர்காலத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்றைய கார்த் பீரில் ஆல்கஹால் பெரும்பாலும் 6 முதல் 8.5% வரை. கசப்பு, அதை அளக்கும் ஐபியூ கணக்கில் 18 முதல் 28, அதாவது குறைவு. நிறத்தில் மூன்று: பொன்னிற 'புளோந்த்', செம்பழுப்பு 'அம்ப்ரே', கரும்பழுப்பு 'ப்ரூன்'. மூன்றிலும் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் சுவைதான் முன்னால் நிற்கும். முதல் வாயில் இனிப்பு தெரியும், விழுங்கும்போது அது மறைந்து நாக்கு உலர்ந்திருக்கும். முடிவு வரை இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அது சரியாகக் காய்ச்சிய கார்த் அல்ல.

இரவுச் சாப்பாடு கார்போனாத், 17 யூரோ. அம்ப்ரேயில் மூன்று மணி நேரம் வேகவைத்த மாட்டிறைச்சி. ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோ வெங்காயம், 75 சென்டிலிட்டர் பீர், கடுகு விழுது தடவிய மசாலா கேக் துண்டுகள் இரண்டு மூன்று, இரண்டு கரண்டி 'வெர்ழுவாஸ்' என்ற பீட் பழுப்புச் சர்க்கரை. கேக் கரைந்து குழம்பைக் கெட்டிப்படுத்தும். இதற்குக் கசப்பு மிகுந்த பீரை ஊற்றக் கூடாது. தண்ணீர் வற்ற வற்றக் கசப்பு செறிந்து குழம்பே மருந்தாகிவிடும். கூட வந்த வறுவல் மாட்டுக் கொழுப்பில் பொரித்தது. சைவக்காரர்கள் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்: ழான்லேன், பவே

வலான்சியெனிலிருந்து பவே நோக்கிப் போகும் சாலை அடிகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக ஓடுகிறது. ரோமானியர் போட்ட தடம். காற்று பக்கவாட்டில் அறைந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். வழியில் இருக்கும் சிற்றூர் ழான்லேன். 1922இல் ஃபெலிக்ஸ் துயிக் இங்கே தொடங்கிய பண்ணை மதுவாலையிலிருந்துதான் இந்த வகையின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது.

அதற்கு முந்தைய நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கு மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மதுவாலைகள் இருந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மன் படை இந்தப் பகுதியைப் பிடித்ததும் செம்புக் கொப்பரைகளை உருக்குவதற்காகக் கழற்றிக்கொண்டு போனது. செம்பு போனதோடு பல குடும்பங்களின் தொழிலும் போயிற்று. இரண்டாம் போர், அதன்பின் பெரிய ஆலைகளின் மலிவான லாகர், அதாவது குளிரில் நொதிக்க விடும் பீர். மிஞ்சியவை கைவிரல்களில் எண்ணக்கூடிய அளவு.

1950களில் துயிக் குடும்பம் பயன்படுத்திய ஷாம்பெயின் பாட்டில்களை வாங்கி, அதில் பீரை நிரப்பி, கார்க் அடித்து, கம்பி கட்டி விற்றது. தடித்த கண்ணாடி என்பதால் வாயு அழுத்தத்தைத் தாங்கும். 1970களில் லீல் மாணவர்கள் இந்த அம்ப்ரேயைத் தங்கள் பீராகக் கொண்டாடத் தொடங்கினார்கள். அந்த வரவேற்பைப் பார்த்துத்தான் மற்ற ஆலைகளும் அழிந்துகொண்டிருந்த வகையை மறுபடி கையில் எடுத்தன. ஒரு தலைமுறை மாணவர்கள் காப்பாற்றிய பீர் என்று சொன்னாலும் தகும்.

ழான்லேன் அம்ப்ரே 7.5%. அதன் நிறம் எங்கிருந்து வருகிறது என்பது காய்ச்சுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். பழைய முறையில் செம்புக் கொப்பரைக்கு அடியில் நேராக நெருப்பு. மால்ட் சாறு இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கும். அடித்தகட்டில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுத்து, நிறமும் ரொட்டி மேலோட்டின் மணமும் உண்டாகும். இப்போது பெரும்பாலான ஆலைகளில் நீராவியால் சூடாக்கும் எஃகுக் கலன்கள். அவற்றில் அப்படிப் பழுக்காது. அதனால் மியூனிக், வியன்னா வகை மால்ட்டும் கொஞ்சம் காரமல் மால்ட்டும் சேர்த்து அந்தச் சுவையைக் கொண்டுவருகிறார்கள். இதில் நடக்கும் தவறு காரமல் மால்ட்டை அள்ளிப் போடுவது. மொத்தத் தானியத்தில் அது 5, 6 சதவீதத்தைத் தாண்டினால் நொதிக்காத சர்க்கரை மிஞ்சி, உலர்ந்த முடிவு போய்விடும். நிறம் போதவில்லை என்றால் 20 லிட்டருக்கு 30 கிராம் கருக வறுத்த மால்ட் போட்டால் போதும்.

மதியம் பவேயில் ரோமானியப் பொதுமன்றத்தின் இடிபாடுகள். பெரிய இடம், ஆளில்லை. சிறு கடை ஒன்றில் மரோய் சீஸ் போட்ட பை 9 யூரோ. அந்தச் சீஸின் மணம் கடைக்கு வெளியிலேயே தெரியும். வாயில் போட்டால் மணத்தின் கடுமை இல்லை, உப்பும் பால்கொழுப்பும்தான். இந்த மாவட்டச் சாப்பாட்டுக்கு ஏன் மால்ட் மிகுந்த பீர் என்பது அந்தத் தட்டில் புரிந்துவிடும். ஹாப்ஸ் தூக்கலான பீர் இந்தச் சீஸோடு மோதும், அம்ப்ரே அணைத்துக்கொள்ளும்.

செப்டம்பர் 11, வியாழன்: லான்ஸ், பெனிஃபொன்தேன்

லான்ஸ் நெருங்கும்போதே நிலக்கரிக் கழிவுக் குன்றுகள் கறுப்பாக எழுகின்றன. கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. 2012இல் இந்தச் சுரங்கப் பகுதி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுரங்கத் தொழிலாளர் அன்றாடம் குடித்தது 2, 3 சதவீத மெல்லிய பீர். நாள் முழுக்கத் தூசியில் வேலை செய்து வருகிறவருக்கு அது தண்ணீருக்குப் பதில். இப்போதைய வலுவான கார்த் பீரைப் பார்த்துவிட்டு, பழைய விவசாயிகளும் சுரங்கத்தாரும் இதையே வயிறு முட்டக் குடித்தார்கள் என்று எழுதுவது தவறு.

பெனிஃபொன்தேனில் 1926இல் தொடங்கிய கஸ்த்லேன் ஆலையின் 'ஷ்தி' பீர் வடக்கத்திக்காரர்களின் பட்டப்பெயரையே தாங்கி வருகிறது. அதில் ஒரு முக்கியச் செய்தி உண்டு: ஷ்தி, குளிரில் வேலை செய்து கலனின் அடியில் படியும் அடிநொதி ஈஸ்ட்டில் செய்தது, அதாவது லாகர் ஈஸ்ட். பண்ணை பீர் என்றால், கொஞ்சம் சூட்டில் மேலே எழுந்து நொதிக்கும் மேல்நொதி ஈஸ்ட்தான் இருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களுக்கு இந்த ஊர் நல்ல மறுப்பு. கார்த் பீரில் ஈஸ்ட்டின் இனத்தைவிட அதை எந்தச் சூட்டில் வேலை வாங்குகிறோம் என்பதே பெரிது.

லாகர் ஈஸ்ட்டை வழக்கமாக 8 முதல் 12 டிகிரியில் நொதிக்க விடுவார்கள். இங்கே 14 முதல் 16. மேல்நொதி ஈஸ்ட்டை மற்ற இடங்களில் 20 டிகிரியிலும் அதற்கு மேலும் விடுவார்கள். இங்கே 16 முதல் 18. ஒன்றைக் கொஞ்சம் சூடாகவும் மற்றதைக் கொஞ்சம் குளிராகவும் ஓட்டி, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் சந்திக்கின்றன. பழவாசனை அளவோடு, மால்ட் தெளிவாக. எல்லைக்கு அப்பால் பெல்ஜியத்துச் 'சேசோன்' பீர் 25 டிகிரிக்கு மேலே நொதித்து மிளகு, எலுமிச்சை வாசம் காட்டும். அது பக்கத்து வீட்டுப் பிள்ளை, இதுவல்ல.

நொதிப்பு ஒரு வாரத்தில் அடங்கும். உடனே குளிரில் தள்ளுவதுதான் அவசரக்காரர்கள் செய்யும் பிழை. நொதிக்கும்போது ஈஸ்ட் விட்ட பொருளிலிருந்து டைஅசிட்டைல் உருவாகும், வெண்ணெய் வாசம் வரும். ஈஸ்ட் விழித்திருந்தால் அதையே திரும்ப உட்கொண்டுவிடும். அதற்காக இரண்டு மூன்று நாள் 18 முதல் 20 டிகிரியில் விட வேண்டும். முடிந்ததா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. இரண்டு மூடிய குப்பிகளில் மாதிரி எடுத்து, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் வந்தால் பீர் இன்னும் தயாரில்லை.

பிறகுதான் கார்த். 0 முதல் 2 டிகிரி, குறைந்தது நான்கு வாரம், வலுவான பீருக்கு ஆறு முதல் எட்டு. இந்தக் குளிரில் ஈஸ்ட் அடியில் படியும். கலங்கலுக்குக் காரணமான புரதமும் துவர்ப்பொருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறங்கும். பச்சை ஆப்பிள் போன்ற அசிட்டால்டிஹைடும் கந்தக வாடையும் அடங்கும். 8% பீரில் தொண்டையைச் சுடும் முரட்டுத்தனமும் குறையும். ஆனால் முதல் வாரத்தில் 24 டிகிரிக்கு ஏறவிட்டுப் பிறந்த கனமான ஆல்கஹால்களை எத்தனை வாரக் குளிரும் எடுக்காது. கார்த் பட்டை தீட்டும், குற்றத்தைக் கழுவாது.

மாலையில் மழை விட்டது. ஒரு பெரியவர் காப்பியில் ஜெனீவ்ர் சாராயம் கொஞ்சம் விட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் 'பிஸ்தூய்' என்று பெயர். மேசைக்கு இடமில்லை என்று நின்றதைப் பார்த்து, தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியைக் காட்டினார். பேச்சு எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி: பொஷெப்

பையோல் ரயில் நிலையத்திலிருந்து பொஷெப் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கால அட்டவணையில் இருந்த பேருந்து வரவில்லை. அது பள்ளி நாட்களில் மட்டும் குறிப்பிட்ட நேரங்களில் ஓடும் என்பதை அட்டவணையின் அடிக்குறிப்பில் சிறு எழுத்தில் போட்டிருந்தார்கள். கிராமங்களுக்குப் போகிறவர்கள் அந்த அடிக்குறிப்பை முதலில் படிக்க வேண்டும். டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் உடனே கிடைக்காது. தார்ச்சாலை முழுக்க டிராக்டர் சக்கரத்தில் வந்த சேறு.

இது ஹாப்ஸ் அறுவடைக் காலம். ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி தாண்டி நடக்கும். பிரான்சின் ஹாப்ஸில் பெரும்பங்கு அல்சாஸில்தான் விளைகிறது. இங்கே ஸ்டீன்வூர்ட், பொஷெப், பையோல் சுற்றுப்புறத்தில் சில பண்ணைகளே மிஞ்சியிருக்கின்றன. விளைச்சலை விற்க ஒரு கூட்டுறவு உண்டு. ஆறு ஏழு மீட்டர் உயரக் கம்பங்கள், அவற்றின் உச்சியில் கம்பி வலை. கொடி எப்போதும் கடிகார முள் திசையில்தான் சுற்றி ஏறும். வசந்தத்தில் கையால் சுற்றிவிடுகிறவர் திசை மாற்றினால் அது அவிழ்ந்து விழுந்துவிடும்.

அறுவடையில் கொடியை அடியில் ஒரு வெட்டு, உச்சியில் ஒரு வெட்டு. அப்படியே டிரெய்லரில் விழும். பண்ணைக் கொட்டகையில் கொடியைக் கொக்கியில் தலைகீழாக மாட்டினால் இயந்திரத்தின் கம்பி விரல்கள் பூங்கூம்புகளைச் சீவி எடுக்கும். இலையையும் தண்டையும் காற்றடித்து, சாய்ந்த பட்டைகளில் உருட்டிப் பிரிக்கும். கூம்பு உருண்டு கீழே வரும். தட்டையான இலை பட்டையில் ஒட்டி மேலே போய்விடும். கொடித் தண்டில் கொக்கி போன்ற முட்கள் இருப்பதால் கையில்லாச் சட்டையோடு போனவர்களுக்கு முழங்கை வரை சிவந்த கோடுகள். நீளக் கை சட்டையும் கையுறையும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. பிசின் விரலில் படிந்து கறுத்துவிடும். சாதாரண சோப்புக்குப் போகாது. சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டால் போகும்.

கூம்பைக் கிள்ளிப் பார்த்தால் இதழடியில் மஞ்சள் தூள். கசப்பும் மணமும் அதில்தான். பச்சைக் கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அறுத்த சில மணி நேரத்தில் உலர்கூடத்துக்குப் போகாவிட்டால் குவியல் உள்ளுக்குள் சூடேறிப் பழுத்துவிடும். 60 டிகிரியை ஒட்டிய காற்றில் உலர்த்தி ஈரம் 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் கையால் அறியலாம். கூம்பின் நடுக்காம்பு வளைந்தால் ஈரம் இருக்கிறது, படக்கென ஒடிந்தால் சரி. இதழ் மட்டும் காய்ந்து காம்பு ஈரமாக இருப்பதுதான் பெரிய ஏமாற்று. அப்படி மூட்டை கட்டினால் காம்பின் ஈரம் மூட்டை முழுக்கப் பரவி, சில நாட்களில் பழுப்பேறிவிடும். சூட்டைக் கூட்டி அவசரமாக உலர்த்தினால் மண எண்ணெய் பறந்து, மீதி வைக்கோல் வாசம்தான்.

இந்த மேடுகளில் ப்ரூவர்ஸ் கோல்ட், நக்கெட், மாக்னம் போன்ற வகைகள். அல்சாஸின் ஸ்த்ரிசெல்ஸ்பால்ட் மென்மையான மணவகை. அதில் கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 2 முதல் 3 சதவீதமே. நக்கெட்டில் 12 சதவீதத்தை ஒட்டி. ஆகவே கசப்புக்கு நக்கெட் சிறிதளவு, கடைசிப் பத்து நிமிடத்தில் மணத்துக்கு ஸ்த்ரிசெல்ஸ்பால்ட் என்று பிரித்துக்கொள்வது சிக்கனம். மணவகையை மட்டும் வைத்துக் கசப்பு ஏற்றப் பார்த்தால் கொப்பரையில் இலைச் சக்கை நிறைந்து, சாறும் அதோடு வீணாகும்.

பொஷெப்பின் காற்றாலைக்குப் பக்கத்திலேயே எஸ்தமினே. வெயில் ஒரு கால் மணி வந்து போனது. வெல்ஷ் என்ற சாப்பாடு 15 யூரோ: பீரில் உருக்கிய செடார் சீஸை ரொட்டி, பன்றித் தொடைத் துண்டு மேல் கொட்டி, மேலே ஒரு முட்டை. அறுவடைக்காரர்கள் அரைத் தட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்; பிற்பகல் வேலைக்கு அதுதான் உகந்தது.

செப்டம்பர் 13, சனி: கசெல், சேன் சில்வெஸ்த்ர் கப்பெல்

கசெல் ரயில் நிலையம் கசெலில் இல்லை. மலையடியில் பவின்ஷோவ் பக்கம் இறங்கி, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மேலே நடக்க வேண்டும். பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர்கள் கல் பாவிய ஏற்றத்தில் தவித்தார்கள். உயரம் 176 மீட்டர்தான். சுற்றிலும் தட்டையாக இருப்பதால் மலை போலத் தெரிகிறது. எதிர்க்காற்றில் மழை ஊசியாகக் குத்தியது.

கசெல், காத்ஸ், ரெக்கோலே ஆகிய இந்த மேடுகளை வைத்துப் பெயரிட்டதுதான் சேன் சில்வெஸ்த்ர் ஆலையின் 'த்ருவா மோன்' பீர், அதாவது 'மூன்று மலை'. 1980களின் நடுவில் வந்தது, புளோந்த், 8.5%. அம்ப்ரே மட்டும்தான் கார்த் என்ற எண்ணத்தை இது ஒரு வாயில் மாற்றும். மேல்நொதி ஈஸ்ட், ஒயின் போன்ற உலர்ந்த முடிவு, வலு தெரியாத மென்மை. அந்த மென்மையில்தான் ஆபத்து. 75 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்றில் சுமார் 50 கிராம் ஆல்கஹால். பிரெஞ்சுக் கணக்கில் ஒரு கோப்பை 10 கிராம். ஆக ஐந்து கோப்பை. பிரான்சில் வண்டி ஓட்ட ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்டு, ஒருவர் தொடாமல் இருப்பதுதான் இங்குள்ளவர்கள் வழக்கம்.

இந்தப் பெரிய பாட்டிலின் கார்க்கை ஷாம்பெயின் கம்பிக்கூடு பிடித்திருக்காது. ஒரு இரும்புக் கவ்வி பிடித்திருக்கும். தட்டையான திருப்புளியைக் கவ்வியின் அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். பிறகு கார்க் திருகி. குலுக்கிய பாட்டிலில் இதைச் செய்தால் கவ்வி விலகியதும் கார்க் பறக்கும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, 8 முதல் 12 டிகிரிக்குக் குளிர்வித்து, முகத்தைத் திருப்பி வைத்துத் திறக்க வேண்டும். ஐஸ் பெட்டிச் சில்லிப்பில் குடித்தால் மால்ட்டின் மணம் எழாது.

கார்க் பற்றி ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். வெளிநாடுகளில் கார்த் பீரை விவரிக்கும்போது நிலவறை ஈரம், பாசி, பழைய மரம் என்று புகழ்ந்து எழுதுகிறார்கள். காய்ச்சுகிறவர்கள் அந்த வாசத்தைப் போடுவதில்லை. கெட்ட கார்க்கில் உண்டாகும் பொருளும், நீண்ட கப்பல் பயணச் சூடும், கிடங்கில் கிடந்த மாதங்களும் சேர்ந்து கொடுத்த குறை அது. ஆலைக்குப் பக்கத்தில், கலனிலிருந்து வந்து சில வாரமே ஆன பீரில் அந்த வாசம் மருந்துக்கும் இல்லை. ரொட்டி, தேன், வறுத்த கொட்டை, லேசான ஹாப்ஸ் அவ்வளவே. குறையைப் பாணியாக எண்ணி அதை வேண்டுமென்றே உண்டாக்கப் பார்க்கும் காய்ச்சுநர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மதியம் போத்யெவ்லேஷ், 16 யூரோ. கோழி, முயல், கன்று, பன்றி நான்கும் புளிப்பு ஜெல்லியில் உறைந்து குளிர்ந்து வரும். சுடச்சுட வறுவலை மேலே வைத்தால் ஜெல்லி உருகி அதுவே குழம்பாகும். மூலையில் மர விளையாட்டுகள். வெண்கலத் தவளையின் திறந்த வாயில் உலோக வட்டுகளை எறிய வேண்டும். வேடிக்கை பார்த்து நின்ற அந்நியர் கையில் வட்டுகளைத் திணித்துவிட்டு ஒதுங்கி நிற்பது இங்கே சகஜம். மறுத்தால் மனம் வருந்துவார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு: எஸ்கெல்பெக்

ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கு. ஆனால் இந்தக் கிராமத்துக்கு ரயில் நிலையம் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. பழைய புத்தகக் கடைகள், அகழியோடு ஒரு கோட்டை. தெனியல் தீரியெ 1996இல் தொடங்கிய ஆலை இங்கேதான். அவருடைய பீர்கள் கார்த்துக்கும் சேசோனுக்கும் இடைப்பட்டவை. 'எத்வால் து நோர்' ப்ரூவர்ஸ் கோல்ட் ஹாப்ஸ் தூக்கலாக, உலர்ந்து நிற்கும். சந்தையில் பிரெஞ்சு சேசோன் என்ற பெயரில் விற்கும் ஈஸ்ட் இந்த ஆலையிலிருந்து போனது என்று வீட்டில் காய்ச்சுகிறவர்கள் நம்புகிறார்கள். நல்ல ஈஸ்ட்தான். ஆனால் அதை அம்ப்ரே கார்த்துக்குப் போட்டால் மிளகு வாசமும் மிகையான உலர்வும் மால்ட்டை விழுங்கிவிடும்.

வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காக, 20 லிட்டர் அம்ப்ரேயின் கணக்கு இது. பில்ஸ்னர் மால்ட் 4 கிலோ, மியூனிக் அல்லது வியன்னா 1.5 கிலோ, காரமல் மால்ட் 300 கிராம். 18 லிட்டர் வெந்நீரில் கலந்து 64 டிகிரியில் 75 நிமிடம், 72இல் கால் மணி, 77க்கு ஏற்றி வடிக்க வேண்டும். மேலே வெந்நீர் விட்டு அலசி 27 லிட்டர் சேர்க்க வேண்டும். இரண்டு மணி நேரக் கொதி. கடைசி ஒரு மணிக்கு 12% நக்கெட் 19 கிராம். கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஸ்த்ரிசெல்ஸ்பால்ட் 25 கிராமும் சர்க்கரை 350 கிராமும். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.068 சுற்றி நிற்கும், கசப்பு 24 ஐபியூவை ஒட்டி.

17 டிகிரிக்கு ஆற்றி, நன்றாகக் காற்றேற்றி, பழவாசனை குறைந்த மேல்நொதி உலர் ஈஸ்ட் 11 கிராம் பொட்டலம் இரண்டு. ஒன்று போதாது; இத்தனை கெட்டியான சாற்றில் ஈஸ்ட் திணறும். 1.012க்கு இறங்கினால் ஆல்கஹால் 7.5%. 1.020இல் நின்றுவிட்டால் பாட்டிலில் அடைக்கவே கூடாது. பின்னால் நொதித்துக் கண்ணாடி வெடிக்கும். 20 டிகிரிக்கு ஏற்றி, கலனை மெல்ல அசைத்து ஈஸ்ட்டை எழுப்பிப் பார்க்கலாம். மால்ட்டை 68 டிகிரிக்கு மேல் ஊறவிட்டதால் நின்றது என்றால் எழுப்பிப் பயனில்லை, அது நொதிக்காத சர்க்கரை.

பிறகு 1 அல்லது 2 டிகிரியில் ஆறு வாரம். அத்தனை நாளில் ஈஸ்ட் முழுக்கப் படிந்துவிடுவதால் பாட்டிலில் அடைக்கும்போது புதிய உலர் ஈஸ்ட் 2 கிராமும், சர்க்கரை லிட்டருக்கு ஆறரை கிராம் வீதம் 130 கிராமும் சேர்க்க வேண்டும். புதிய ஈஸ்ட் சேர்க்காமல் விட்டால் மாதக்கணக்கில் வாயு பிடிக்காமல் சப்பென்று இருக்கும். 20 டிகிரியில் மூன்று வாரம் வைத்துக் குளிருக்கு மாற்றலாம்.

மாலையில் ஆலைக் கடையில் 75 சென்டிலிட்டர் பாட்டில் 6 யூரோவுக்குள். விற்கும் பெண்மணி ஒவ்வொரு பாட்டிலையும் செய்தித்தாளில் சுற்றி, அடைத்த தேதியைக் காட்டிவிட்டுத்தான் பையில் வைத்தார்.

செப்டம்பர் 15, திங்கள்: மீண்டும் லீல்

கடைகளுக்கு மறுபடி விடுமுறை. வானம் மட்டும் திறந்திருந்தது. திறந்திருந்த பீர்க்கடைகளில் விலை ஆலையைவிட ஒன்றிரண்டு யூரோ கூட. வாங்கும்போது ஜன்னலோரம் வெயில் படும் தட்டில் இருப்பதைத் தவிர்க்க வேண்டும். பச்சைக் கண்ணாடி ஒளியைத் தடுக்காது. ஹாப்ஸ் கசப்பு ஒளியில் சிதைந்து சில மணி நேரத்திலேயே நாற்றமடிக்கத் தொடங்கும். புளோந்தை ஆறு மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. அம்ப்ரேயும் ப்ரூனும் இருட்டில் 10, 12 டிகிரியில் ஒரு வருடம் தாங்கும். கார்த் ஆலையிலேயே முடிந்துவிட்டது. நம் வீட்டு அலமாரியில் 30 டிகிரி வெக்கையில் வைத்திருப்பது கார்த் ஆகாது, ஈரமான அட்டை வாசம்தான் வரும்.

நிறைந்த பெரிய பாட்டில் ஒன்று ஒன்றரைக் கிலோ வரை வரும். விமானத்தில் பதிவுப் பெட்டியில்தான் வைக்க முடியும். துணியில் சுற்றி, கார்க் பக்கம் காலுறை மாட்டி, பெட்டியின் நடுவில் படுக்க வைக்கலாம். இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் மதுதான் அனுமதி, பீரும் அதில் சேரும். ஆக 75 சென்டிலிட்டர் இரண்டு. ஒன்று அம்ப்ரே, ஒன்று புளோந்த் என்று எடுத்துக்கொண்டால் இரண்டையும் அருகருகே ஊற்றிப் பார்க்கலாம். இடம் மிஞ்சினால் 33 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்று சேரும்.